இரண்டாவது கூட்டம்

என் வீட்டுக்காரர் சிங்காரவேலுவுக்கு மைக் என்றால் உயிர். கல்யாண வீட்டில் மொய் படிக்கிற மைக் கிடைத்தாலும் விடமாட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்று, அந்த இரைச்சலில் கத்திக் கத்தியே பேசப் பழகியவர். ரிட்டயர் ஆன பிறகு அந்தத் தொண்டைக்கு வேறு வேலை இல்லை. ஊரில் எந்தக் கூட்டம் என்றாலும் சிங்காரவேலுவைக் கூப்பிடு என்பார்கள். கூப்பிடாவிட்டாலும் போய் நிற்பார்.

இதை நான் கோபமாகத்தான் சொல்கிறேன். கோபம் இல்லாமல் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

நாங்கள் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய மாற்றுக் குடியிருப்பு. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்கள் எல்லாம் வரிசையாக இங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் கருத்துக்கேட்புக் கூட்டம் எங்களுக்குப் புதிதில்லை. சுரங்கத்தை இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் தள்ளினால் ஒரு கூட்டம். மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கேட்பார்கள்.

அதற்கென்று எங்கள் ஆட்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் ஒருத்தர்கூட சரி என்று சொல்லக் கூடாது. உள்ளுக்குள் யாருக்கு அதிக ஆசையோ அவன்தான் வேண்டவே வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்துவான். அப்புறம் அதிகாரிகள் ஊர் ஆட்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். பெர்மனென்ட் எத்தனை பேர், கான்ட்ராக்ட் எத்தனை பேர், ரோடு எங்கே, குடிதண்ணீர் எங்கே என்று பேசி முடியும். இரண்டாவது கூட்டத்தில் அதே ஆட்கள் அதே மைக்கில் நின்று, அன்றைக்கு வயிற்றெரிச்சலில் பேசிவிட்டோம், இப்போது எங்களுக்குச் சம்மதம் என்று இறங்கி வருவார்கள். பேசுகிறவனுக்கும் இது தெரியும், கேட்கிற அதிகாரிக்கும் தெரியும். யாரும் யாரையும் பொய்யன் என்று சொல்வதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. முதல் கூட்டத்துக்கு முன்னால் பிள்ளையார் கோவிலில் உட்கார்ந்து, இந்தத் தடவை எந்த வீட்டுத் துக்கத்தை மைக்கில் வைப்பது என்று பேசி முடிவு செய்வார்கள். வெறும் கோரிக்கையைக் கேட்டால் அதிகாரி கொட்டாவி விடுவார், ஒரு வீட்டின் அழுகையைக் கேட்டால்தான் நிமிர்ந்து உட்காருவார் என்பது இவர்கள் கணக்கு. ஒரு தடவை வீராயி வீட்டுக் கிணறு வற்றினதை வைத்தார்கள். அது எதனால் வற்றியது என்று வீராயிக்கே தெரியாது. ஆனாலும் எங்கள் கிணற்றால்தான் இந்தத் தெருவுக்கு ரோடு வந்தது என்று அவள் இன்றைக்கும் பெருமை பேசுவாள். துக்கத்தை ஊருக்குக் கொடுத்த வீட்டுக்கு அப்படி ஒரு மரியாதை.

எங்களுக்கு ஒரே பெண், அகிலா. படிப்புக்காகப் பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவள். திருச்சியில் படித்தாள், மும்பையில் மேல்படிப்பு படித்தாள், புனேயில் வேலைக்குச் சேர்ந்தாள். அணு உலை கட்டுகிற கம்பெனி என்றுதான் பெயர். அவள் வேலையெல்லாம் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுவது. உலையை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள். சேத்தியாத்தோப்பில் நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை அருண்குமாருக்கு வங்கியில் வேலை. பெண்ணை நான் பார்ப்பது பொங்கலுக்கு நான்கு நாள், தீபாவளிக்கு மூன்று நாள். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவும்போதே அடுத்து எப்போது வருவாளோ என்று இருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் சின்ன உலை என்ற பேச்சு வந்தது. அரசாங்கம் சட்டத்தை மாற்றித் தனியாரையும் அணு மின்சாரத்துக்குள் விட்டது. சின்ன உலைகளுக்கென்று பட்ஜெட்டிலும் பணம் ஒதுக்கியது. பழைய அனல்மின் நிலையம் இருந்த இடங்களில் மின்சாரக் கம்பி, தண்ணீர், ரோடு எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது, அங்கே வைத்தால் என்ன என்று டிவியில் பேசினார்கள். அகிலாவின் கம்பெனி மூன்று மாநிலங்களில் மூன்று இடத்தைப் பார்த்துவைத்தது. அதில் ஒன்று எங்கள் குடியிருப்புக்கு அந்தப் பக்கம் கிடந்த காலி இடம். அந்த மண்ணை ஆராய்கிற வேலைக்கு அகிலாவையே அனுப்பினார்கள். மாப்பிள்ளையும் கடலூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். டவுன்ஷிப்புக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். உலை கட்டி ஓட ஏழெட்டு வருஷம் ஆகும் என்றாள். ஏழெட்டு வருஷம் என் பெண் என் கண்ணுக்கு முன்னால் இருப்பாள். எனக்கு வேறு என்ன வேண்டும்?

அவள் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. புனேயில் இருந்தபோது உண்டாகி, மூன்று மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. மூன்று மாதம் முடிந்துதான் சொல்ல வேண்டும் என்று சம்மந்தி வீட்டுக்கு அப்போது சொல்லவில்லை. கலைந்த பிறகு சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளைக்கும் எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில், இது பலருக்கும் நடப்பதுதான், காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார்களாம். அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது மட்டும் சில நாள் மடியிலேயே படுத்துக் கிடப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். ஒரு நாள் இவர் உலையைப் பற்றிக் கேட்க, தட்டில் தோசையைப் பரப்பி நடுவில் ஒரு சொட்டுச் சட்னி வைத்துக் காட்டினாள். சட்னிதான் உலை. அதைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்கு யாரும் குடியிருக்கக் கூடாது. பெரிய உலை என்றால் வட்டம் பெரியது, சின்னது என்பதால் வட்டத்தையும் சுருக்கிக்கொள்ளலாமா என்று பார்க்கிறார்கள். நம் குடியிருப்பு தோசைக்கு வெளியே, தட்டின் ஓரத்தில் இருக்கிறது என்றாள். அனுமதி கொடுக்கத் தனி வாரியம் இருக்கிறதாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பூமி ஆடுமா, நிலத்தடித் தண்ணீர் எங்கே ஓடுகிறது, ஆபத்து வந்தால் இத்தனை ஜனமும் எந்த ரோட்டில் வெளியே போவார்கள், எல்லாவற்றுக்கும் பதில் கொடுத்தால்தான் ஒரு செங்கல் வைக்க விடுவார்களாம். அதற்காகத்தான் காற்று அளக்கிற கம்பம் ஒன்றை நட்டு, மண்ணில் துளை போட்டுத் தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டு வெயிலில் அலைகிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு உலையையும் வட்டத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள். வீட்டைக் கொடுக்க வேண்டியதில்லை, நிலத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. ஊரில் எல்லாருக்குமே உலை வர வேண்டும் என்றுதான் ஆசை. இவருக்கு எல்லாரையும்விட ஆசை. ஆனாலும் பிள்ளையார் கோவிலில் உட்கார்ந்து வழக்கம்போல முதல் கூட்டத்தில் எதிர்ப்பது என்றே முடிவெடுத்தார்கள். எதிர்த்தால்தான் பெர்மனென்ட் வேலைக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும் என்றார் ஜெயப்பிரகாஷ். ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர், இப்போதும் ஊர்ப் பேச்சு அவர் வாயில்தான் முடியும். மைக்கில் வைக்கிற துக்கத்துக்கு மறுபடியும் வீராயியின் கிணற்றையே எடுத்துக்கொண்டார்கள்.

அகிலாவுக்கு இது லேசாகத் தெரியும். அந்த வாரம் வந்தபோது, கேள்வி இருந்தால் கேளுங்கள், சும்மா எதிர்க்காதீர்கள் என்று ஒரு வார்த்தை அப்பாவிடம் சொன்னாள். எனக்குத் தெரியாத கூட்டமா என்று இவர் மீசையைத் தடவினார். நன்றாக எடுத்துச் சொல்லேன்டி என்று அடுக்களையில் நான் அவளிடம் சொன்னேன். கம்பெனி ஆள் ஊரில் போய் இப்படிப் பேசுங்கள், அப்படிப் பேசுங்கள் என்று சொல்லக் கூடாது, விதி அப்படி என்றாள். அப்பாதானே என்றேன். அப்பாவாக இருந்தாலும்தான் என்றாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரிகள், ஓரமாகக் கம்பெனி ஆட்கள். அகிலா கடைசி நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயில்கழுத்து நிறத்தில் புடவை, நான் எடுத்துக் கொடுத்தது. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த செந்தாமரையிடம், அதோ என் பொண்ணு என்று காட்டினேன். அவளுக்குத் தெரியாததா, ஆனாலும் காட்டினேன்.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தராகப் போய்க் கத்தினார்கள். வீராயி போய்க் கிணற்றைச் சொல்லி அழுதாள். மேடையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மா, அது சுரங்கம் சம்பந்தப்பட்டது, இந்தத் திட்டத்தைப் பற்றி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். வீராயிக்கு ஒன்றும் புரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். மண்டபமே சப்பென்று ஆகிவிட்டது. ஜெயப்பிரகாஷ் இவரைப் பார்த்தார். ஊரே இவரைப் பார்த்தது.

இவர் எழுந்து போனார். பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், நிலம் கொடுத்த கதையைச் சொன்னார். ஒரு அதிகாரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அந்த மனுஷன் மைக் முன்னால் சும்மா நின்று நான் பார்த்ததே இல்லை.

"எம்பொண்ணு இந்த அணு உலை கம்பெனியிலதான் வேலை செய்யறா சார். வேலைக்குப் போன எடத்துல மூணு மாசக் கரு கலைஞ்சி போச்சி. பெத்தவன் நானே சொல்றேன். அதோ உக்காந்துகினு இருக்கா, அவளயே கேளுங்க."

கையை நீட்டி அகிலாவைக் காட்டினார்.

மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. வீடியோ எடுத்தவன் திரும்பினான், போன் வைத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பெண் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். அப்படியா அம்மா என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார். பதிவாகிற கூட்டம், கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரோ அவள் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தார்கள்.

"கலைஞ்சது உண்மைதான் சார்" என்றாள். மைக்கை இன்னும் கிட்டப் பிடித்துக்கொண்டாள். "ஆனா வேலையால இல்ல. நான் உலை பக்கத்துல ஒரு நாளும் போனதில்ல."

செந்தாமரை என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவ்வளவு பேர் நடுவில் என் பெண்ணை எழுப்பி நிறுத்தி, அவள் என் மடியில்கூட வாய்விட்டுச் சொல்லாததைச் சொல்லவைத்துவிட்டாரே என்று நெஞ்சு வெடித்தது. எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். படுபாவிகள், கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரை நான் கேட்காத கேள்வி இல்லை. அவரும் ஆடித்தான் போயிருந்தார். சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, வாயில் வந்துவிட்டது திலகா, அவர்கள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை, எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை என்றார். அப்புறம் தானே தன்னைத் தேற்றிக்கொண்டார். இரண்டாவது கூட்டத்தில் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிடுவாராம். என் பெண் நன்றாக இருக்கிறாள், வருத்தத்தில் பேசிவிட்டேன் என்று சொன்னால் சரியாகிவிடுமாம். எந்தக் கூட்டத்தில்தான் நாம் மாற்றிச் சொல்லவில்லை என்றார்.

போனில் எடுத்த வீடியோ அன்றைக்குச் சாயங்காலமே ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. அகிலா "உண்மைதான் சார்" என்று சொன்னதோடு எவனோ வெட்டிவிட்டிருந்தான். கடலூர் மாவட்டத்தில் எந்தப் போனில் அது வரவில்லை? சம்மந்தியம்மா கனகம் மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் பெண்ணைத் தன் பெண்ணைப்போல வைத்திருந்தவர்கள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர்கள் திட்டவில்லை.

"எங்க வூட்டுப் புள்ள வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது சம்மந்தி. செல்போனுல பாத்துத் தெரிஞ்சிகினேன்" என்று சொல்லிவிட்டு அழுதார்கள்.

அகிலாவின் வேலையால்தான் கலைந்தது என்றே அவர்கள் நம்பினார்கள். பெற்ற அப்பனே சொல்கிறபோது யார்தான் நம்ப மாட்டார்கள்? அந்த வேலையை விடச் சொன்னார்கள், டாக்டரை மாற்றச் சொன்னார்கள், மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்கள். எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் அகிலாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்களாம். இதையும் அவள் சொல்லவில்லை, மாப்பிள்ளைதான் என்னிடம் சொன்னார்.

அகிலா வர ஒரு வாரம் ஆனது. வந்தவள் வாசல் பக்கமே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான் காப்பி கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தாள். இவர் எதிரில் போய் நின்றுகொண்டு, அடுத்த கூட்டம் எப்போது, தேதி தெரிந்தால் சொல்லு, முதல் ஆளாகப் போய் மாற்றிச் சொல்லிவிடுகிறேன் என்றார்.

"அடுத்த கூட்டம் கெடையாதுப்பா" என்றாள்.

இவர் சிரிக்கப் பார்த்தார். அதெப்படி இல்லாமல் போகும், நம்மைக் கூப்பிட்டுப் பேசாமல் எங்கே போவார்கள் என்றார்.

"நிலக்கரி இந்த மண்ணுக்கு அடியில இருக்குது. அதனால உங்ககிட்ட பேசித்தான் ஆகணும், வேற வழி இல்ல. உலைக்கு இந்த ஊருதான்னு என்னப்பா இருக்கு? சின்ன உலை. எங்க வேணாம்னு சொல்றாங்களோ அங்க வுட்டுட்டு, எங்க வாங்கன்னு சொல்றாங்களோ அங்க போயிகினே இருப்பாங்க. மூணு எடத்துல ஒண்ணு குறைஞ்சா அவங்களுக்கு வேலை மிச்சம்."

இவர் முகம் எப்படிப் போனது என்று நான் சொல்ல மாட்டேன். சுரங்கத்தில் படித்த பாடத்தைத்தான் மனுஷன் படித்திருந்தார். ஊரே அதைத்தான் படித்திருந்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒன்றோடு எங்களுக்குப் பேரம் பேசிப் பழக்கமில்லை.

உனக்கு என்ன ஆகும் என்று நான் கேட்டேன். வேலை எங்கே போகிறதோ அங்கே நானும் போவேன் என்றாள். காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. குடிக்காமலே போய்விட்டாள்.

ஆனாலும் இவர் நம்பவில்லை. கூட்டம் வரும் வரும் என்று காத்திருந்தார். கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பழகுவார். நான் துணி துவைத்துக்கொண்டே கேட்பேன். வணக்கம், என் பெயர் சிங்காரவேலு, அன்றைக்கு நான் சொன்னது தப்பு, என் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, அவள் உலை பக்கத்தில் போனதே இல்லை. ஒரு நாள் குரல் கம்மும், மறுபடியும் வணக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அதே நேரத்தில் துணியை அப்படியே போட்டுவிட்டுப் போய் அந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருக்கும். இரண்டையும் செய்யவில்லை. துவைத்தேன்.

வேறு மாநிலத்தில் இருந்த இடத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது என்று பேப்பரில் ஒரு ஓரத்தில் வந்தது. காற்று அளக்கிற கம்பத்தைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். மண்ணில் போட்ட துளைகளை மூடினார்கள். ஜெயப்பிரகாஷ் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போய், எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லிப் பார்த்தார். இப்போது திட்டமே இல்லை, எதற்குச் சம்மதம் என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இவர் தனியாக ஒரு தடவை போனார். பெண்ணைப் பற்றிச் சொன்னதை மட்டுமாவது மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாராம். முடிந்துபோன கூட்டத்தில் எதையும் மாற்ற முடியாது ஐயா என்றார்களாம். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

அகிலா போனாள். போகும்போது என்னைப் பார்க்க வந்தாள். அப்பா கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தாள். மாப்பிள்ளை இங்கேயே இருந்தார், மாற்றல் கேட்டு அலைந்தார். அவர் அம்மாவுக்கும் அவருக்கும் வாய்த்தகராறு. கடைசியில் அவரும் கிளம்பிப் போனார். அதற்கப்புறம் பொங்கல் வந்தது, அவர்கள் வரவில்லை. தீபாவளி வந்தது, வரவில்லை. எனக்கு மட்டும் போன் வரும். இவர் பக்கத்தில் வந்து நின்றால் பேச்சு, சரி வைக்கிறேன்மா என்று முடிந்துவிடும். அதைப் புரிந்துகொண்டு, என் போன் அடித்தாலே இவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.

போன வருஷம் ஆடி முடிந்த சமயம் அகிலா கூப்பிட்டாள். ஐந்தாம் மாதம் என்றாள். அழுதேன், சிரித்தேன், குலசாமிக்குக் காசு முடிந்துவைக்கிறேன் என்றேன். வளைகாப்பை இங்கே வைத்துக்கொள்ளலாம், முதல் பிரசவம் அம்மா வீட்டில்தானே என்றேன்.

"நீ வா. ஆனா அப்பாகிட்ட சொல்லாத. சொல்லிட்டா வராத" என்றாள்.

அவ்வளவு கோபமா என்றேன். கோபம் இல்லை, பயம் என்றாள். இந்தத் தடவை யார் வாயிலும் இது விழக் கூடாது, அத்தையிடமும் சொல்லவில்லை, பிறந்த பிறகு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

நான்கு மாதம் அந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் வாயைத் திறக்கவில்லை. அது எப்படிப்பட்ட சித்திரவதை என்று கடவுளுக்குத்தான் தெரியும். சாப்பாடு போடும்போது சொல்லிவிடலாமா என்று வரும். மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, அகிலாவால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பத் தயாரானேன். இவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்ன உடம்பு என்றுகூடக் கேட்கவில்லை. பை கட்டுகிற அன்றைக்குக் காலையிலிருந்து கொல்லையில் ஏதோ துவைத்துக்கொண்டிருந்தார். நன்றாகக் கட்டிப் பழசாகி மெத்தென்று ஆன நான்கு வேட்டிகள். வெயிலில் காயப்போட்டு, மடித்து, நான் அடுக்களையில் இருந்தபோது என் பைக்கு அடியில் வைத்துவிட்டார். பிள்ளை பிறந்தால் சுற்றவும் தொட்டில் கட்டவும் எங்கள் வீடுகளில் பழைய வேட்டிதான் எடுப்போம். நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காததுபோல ஜிப்பை இழுத்து மூடினேன். அவரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார்.

அங்கே போய்ப் பையைப் பிரித்தபோது அகிலா அந்த வேட்டிகளைப் பார்த்தாள். அப்பாவின் வேட்டிக் கரை அவளுக்குத் தெரியாதா? நிறை வயிற்றோடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லிட்டியாம்மா?"

"உன் மேல சத்தியமா சொல்லல. அவரா தெரிஞ்சிகினாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அவள் நம்பவில்லை. சண்டை போடவும் இல்லை. வேட்டிகளை எடுத்து மடிப்புக் கலையாமல் என் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டாள். கடையில் வாங்கிய புதுத் துணி அலமாரியில் இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல சுகம், ஒரு குறையும் இல்லை. நெற்றியும் காதும் அப்படியே இவருடையது. கடைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதம் குளிப்பாட்டினேன், தூங்கவைத்தேன். மாமியாருக்குப் பிறந்த அன்றைக்கே போன் போட்டாள் அகிலா. கனகம் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து பேத்தியைத் தூக்கினார்கள். அப்பாவுக்கு ஒரு போன் போடேன்டி என்று நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

நான் திரும்பி வந்தபோது இவர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து பையைத் தானே பிரித்தார். அடியில் வேட்டிகள் நான்கும், அவர் மடித்த மடிப்பு மாறாமல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். தடவிப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சத்தியமாவது மண்ணாவது, சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தேன்.

"ஏங்க, உங்களுக்கு..."

கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"சொல்லாத திலகா. அவ வாயால சொல்லட்டும்."

குழந்தை இப்போது தவழ்கிறது. மாப்பிள்ளை என் போனுக்குப் படம் அனுப்புகிறார். இவர் என்ன குழந்தை, என்ன பெயர் என்று இன்றைக்கு வரைக்கும் என்னைக் கேட்டதில்லை. என் போன் அடித்தால் முன்னேபோலத் தெருவுக்குப் போவதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, தன்னிடம் கொடுக்கச் சொல்வாளா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் சரி வைக்கிறேன்மா என்றதும் எழுந்து, அந்த வேட்டிகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறார்.